நகையின் இடமாற்றம்: 'மா வி ஆன் ரோஸ்' (1997) திரைப்படத்தில் குழந்தையும் பெற்றோரும் அயலாரும்

ஆய்வுச் சுருக்கம்

பெல்ஜிய இயக்குநர் அலென் பெர்லினரின் முதல் முழுநீளத் திரைப்படமான 'மா வி ஆன் ரோஸ்', தான் பெண்ணாகவே வளரப்போவதாக நம்பும் ஏழு வயதுக் குழந்தையையும் அதன் பெற்றோரையும் பற்றிய நகைச்சுவைப் படமாகும். இத்தகைய குழந்தையை நடுவில் நிறுத்தி நகைச்சுவை படைக்கும்போது சிரிப்பு யார்மேல் விழுகிறது என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது. நகைக்கும் அழுகைக்கும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும் நிலைக்களன்கள் இங்கு ஆய்வுக் கருவியாகின்றன. படம் சிரிப்பைக் குழந்தையிடமிருந்து பெயர்த்துப் பெரியவர்களிடம் வைக்கிறது என்பதும், பெற்றோரின் அன்பு அயலார் பார்வைக்குக் கட்டுப்பட்டுக் கிடப்பதே படத்தின் மையச் சிக்கல் என்பதும், நிறைவுக் காட்சி அச்சிக்கலைப் பாதியளவே தீர்க்கிறது என்பதும் இதில் நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பாலினம், பெற்றோர், நகை, அழுகை, மெய்ப்பாடு, பிரெஞ்சு மொழித் திரைப்படம், அயலார் பார்வை.

முன்னுரை

'ரோஜா நிறத்தில் என் வாழ்க்கை' என்று பொருள்படும் தலைப்பைக் கொண்ட இப்படத்தின் திரைக்கதையைக் கிறிஸ் வான்டெர் ஸ்டாப்பெனும் பெர்லினரும் இணைந்து எழுதினர். 1997ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவின் இயக்குநர்கள் பிரிவில் திரையிடப்பட்ட இப்படம், அதே ஆண்டு கார்லோவி வாரி விழாவின் முதன்மைப் பரிசையும், 1998ஆம் ஆண்டு சிறந்த அயல்மொழிப் படத்திற்கான கோல்டன் குளோப் விருதையும் பெற்றது. அமெரிக்காவில் இதற்கு 'ஆர்' தரச்சான்று வழங்கப்பட்டது. அதன்படி 17 வயதுக்கு உட்பட்டோர் பெற்றோருடனோ வயதுவந்த காப்பாளருடனோ வந்தால் மட்டுமே இதனைப் பார்க்க இயலும். ஏழு வயதுக் குழந்தையின் உலகைக் காட்டும் படத்தை அதே வயதுக் குழந்தை பெற்றோரின் துணையின்றிக் காண இயலாது என்னும் முரண், படம் பேசும் சிக்கலுக்கு வெளியிலிருந்து கிடைத்த ஒரு விளக்கம் போல அமைந்துவிட்டது.

ஆண் பெண்ணுடை அணிவது திரை நகைச்சுவையில் நெடுங்காலமாகப் பயின்றுவரும் உத்தியாகும். 'சம் லைக் இட் ஹாட்' (1959), 'டூட்ஸி' (1982), 'மிஸஸ் டவுட்ஃபயர்' (1993), தமிழில் 'அவ்வை சண்முகி' (1996) ஆகிய படங்களில் உடை ஒரு வேடம். உள்ளே இருப்பவர் ஆண் என்பது பார்வையாளருக்குத் தெரியும். உடனிருக்கும் கதைமாந்தருக்குத் தெரியாது. இந்த அறிவு வேறுபாட்டிலிருந்தே சிரிப்பு பிறக்கிறது. பெர்லினரின் படம் இந்த அடித்தளத்தை அகற்றிவிடுகிறது. இங்குக் குழந்தை அணிவது வேடமன்று. அது தன்னைக் காணும் வழி. அவ்வாறாயின், வேடம் இல்லாத இடத்தில் நகை எதன்மேல் நிற்கும்? இவ்வினாவே இக்கட்டுரையின் தொடக்கப் புள்ளியாகும்.

சுட்டும் சொல்

இப்படத்தைப் பற்றித் தமிழில் எழுதுபவர் முதல் தொடரிலேயே ஓர் இடர்ப்பாட்டைச் சந்திக்கிறார். லுடோவிக் ஃபாப்ர் என்னும் மையப் பாத்திரத்தை 'அவன்' என்றால் அயலாரின் தீர்ப்பை ஏற்றதாகும். 'அவள்' என்றால் படம் முடிவுசெய்யாமல் விட்டதைத் திறனாய்வு முடிவுசெய்ததாகும். 'குழந்தை' என்ற சொல் அஃறிணை முடிபு கொள்வது இங்குப் பெரிதும் துணைசெய்கிறது. உயர்திணையைக் குறித்தும் அஃறிணை முடிபு கொள்ளும் சொற்களின் பட்டியலில் 'மகவு', 'குழவி' ஆகியவற்றைத் தொல்காப்பியக் கிளவியாக்கம் சேர்த்திருப்பது அறியத்தக்கது. ஆண்பால், பெண்பால் என்ற பிரிப்பைக் குழந்தையின்மேல் சுமத்தாத ஒரு காலத்தை மொழி தன் இலக்கணத்திலேயே ஒதுக்கி வைத்திருக்கிறது எனலாம். அக்காலம் எப்போது முடிகிறது, யார் அதை முடித்துவைக்கிறார்கள் என்பதே இப்படத்தின் கதையுமாகும். எனவே இக்கட்டுரை 'குழந்தை' என்ற சொல்லையே ஆள்கிறது.

முதல் விருந்து

படம் ஒரு விருந்துக்கான ஆயத்தங்களோடு தொடங்குகிறது. ஃபாப்ர் குடும்பம் புதிய புறநகர்க் குடியிருப்பு ஒன்றில் குடியேறியுள்ளது. அயல்வீட்டு இணையர் கண்ணாடிமுன் நின்று உடை திருத்திக்கொள்கின்றனர். கணவர்கள் மனைவியரின் ஆடையைப் பூட்டிவிடுகின்றனர். அதே வேளையில் சிறு கைகள் இரண்டு உதட்டுச் சாயம் பூசிக்கொள்கின்றன. குழந்தை செய்வதும் பெரியவர்கள் செய்வதும் ஒரே செயல் என்பதைப் படத்தொகுப்பு உரையாடலின்றியே உணர்த்திவிடுகிறது.

தந்தை பியேர் தன் குடும்பத்தினரை ஒவ்வொருவராக அறிமுகம் செய்கிறார். மகள் ஸோயேயின் பெயரைச் சொல்லும்போது இளவரசி உடையில் ஒரு குழந்தை வெளியே வருகிறது. அயலார் கைதட்டுகின்றனர். பின்னர் உண்மையான ஸோயே வருகிறாள். கைதட்டல் தயங்கி நிற்கிறது. பியேர் உடனே சிரித்து, இது தம் வீட்டு வேடிக்கைக்காரப் பிள்ளை என்று நிலைமையைச் சமாளிக்கிறார், அயலாரும் சிரிக்கின்றனர். தாய் ஹன்னா குழந்தையை உள்ளே அழைத்துச் சென்று முகம் கழுவிவிட்டு, ஏழு வயதில் இப்படி உடுத்துவது பொருந்தாது என்று கடிந்துகொள்ளாமல் எடுத்துச் சொல்கிறாள்.

இக்காட்சியில் மூன்று செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, அயலார் முதலில் கைதட்டியது பாராட்டாகவே இருந்தது. குழந்தையின் தோற்றத்தில் அவர்களுக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. பெயர் மாறியபின்புதான் அதே தோற்றம் பிழையாகிறது. இரண்டாவது, 'வேடிக்கை' என்ற சொல்லைத் தருபவர் தந்தை. குழந்தை வேடிக்கைக்காக உடுத்தவில்லை. அழகாகத் தோன்றவே உடுத்தியது. பொருளுள்ள ஒரு செயலைப் பொருளற்ற விளையாட்டாக மாற்றி, அதன்மூலம் குடும்பத்தை அந்த நொடியில் காப்பாற்றுகிறது தந்தையின் சிரிப்பு. மூன்றாவது, தாய் குறிப்பிடும் வயது. ஐந்து வயதில் செய்திருந்தால் சிரித்துவிடலாம், ஏழு வயதில் முடியாது என்ற எல்லை அங்கே வரையப்படுகிறது. அந்த எல்லைக்கோட்டின்மேல்தான் குழந்தை நிற்கிறது.

நகையின் வாயில்கள்

நகை தோன்றும் இடங்களாகத் தொல்காப்பியர் எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கினைக் கூறுவார். இவற்றுள் எள்ளல் பிறரை இகழ்தலிலும் பிறரால் இகழப்படுதலிலும் பிறக்கும். இளமை பிள்ளைமை பற்றியது. பேதைமை அறியாமை பற்றியது. 'மடம்' என்ற சொல்லுக்கு உரைமரபு, பிறர் கொளுத்தக் கொண்டு, கொண்டதை விடாமை என்றும் பொருள் கூறும். நான்கும் சிரிப்பே எனினும் சிரிக்கப்படுபவருக்கு நான்கும் ஒன்றல்ல. இளமையால் பிறக்கும் நகையில் அணைப்பு உண்டு. எள்ளலால் பிறக்கும் நகையில் விலக்கல் உண்டு.

பியேரின் 'வேடிக்கை' என்ற சொல் குழந்தையின்மேல் எழும் நகையை இளமை என்னும் வாயிலிலேயே நிறுத்திவைக்கும் முயற்சியாகும். அயலார் அதனை ஒருமுறை ஏற்கின்றனர். இரண்டாம் முறை ஏற்பதில்லை. பியேரின் மேலதிகாரியான அல்பேர் பக்கத்து வீட்டிலேயே வாழ்கிறார். அவர் மகன் ஜெரோமும் லுடோவும் நண்பர்கள். ஜெரோமின் வீட்டில் இருவரும் திருமணம் செய்து விளையாடுகின்றனர். பொம்மைக் கரடி ஒன்று பாதிரியாராக நடுவில் அமர்ந்திருக்கிறது. அங்கு வரும் ஜெரோமின் தாய் லிசெத் இதனைக் கண்டு மயங்கி விழுகிறாள். காட்சி நகைச்சுவையாகவே படமாக்கப்பட்டுள்ளது. ஆனால் குழந்தை அணிந்திருப்பது லிசெத்தின் இறந்துபோன மகளின் உடை. அந்த மகளின் அறையை மாற்றாமல் வைத்திருக்கும் தாயின் துயரம் அந்த மயக்கத்திற்குள் இருக்கிறது. படம் அயலாரை வெறும் கேலிச்சித்திரமாக்கி எளிதில் வென்றுவிட முயலவில்லை என்பதற்கு இதுவே வலுவான சான்று.

பேதைமை என்னும் வாயிலைப் படம் மிக நுட்பமாகக் கையாள்கிறது. ஆண், பெண் வேறுபாட்டிற்குக் காரணமான எக்ஸ், ஒய் குரோமோசோம்களைப் பற்றி அக்கா ஸோயே குழந்தைக்கு விளக்குகிறாள். குழந்தை அதனைத் தன் கதையாக மாற்றிக்கொள்கிறது: கடவுள் மேலிருந்து எழுத்துகளை வீசியபோது தனக்குரிய இரண்டாவது எக்ஸ் வழிதவறிக் குப்பையில் விழுந்துவிட்டது, பிழை விரைவில் திருத்தப்படும், அதுவரை தான் 'ஆண்-பெண்'. பார்வையாளர் சிரிக்கின்றனர். அச்சிரிப்பு குழந்தையின் அறியாமையில் தொடங்கினாலும் அங்கேயே நிற்பதில்லை. பெற்றோர், ஆசிரியர், உளவியல் ஆலோசகர் ஆகியோருள் எவரும் இதைவிடத் தெளிவான விளக்கத்தைக் குழந்தைக்குத் தரவில்லை என்பது சிறிது நேரத்தில் புலனாகிறது. விளக்கம் இல்லாத பெரியவர்களிடையே விளக்கம் வைத்திருக்கும் ஒரே ஆள் குழந்தைதான். பேதைமை இடம் மாறிவிடுகிறது.

மடனும் இவ்வாறே இடம் மாறுகிறது. கொண்டதை விடாமை குழந்தையிடமும் உண்டு, அயலாரிடமும் உண்டு. ஆயின் அயலார் விடாதது பிறர் கொளுத்தியது. குழந்தை விடாதது எவரும் கொளுத்தாதது. பெற்றோரின் மனம் குளிர, குழந்தை சகோதரர்களின் நடையையும் துப்பாக்கி விளையாட்டையும் பார்த்துப் பழகி ஆண்பிள்ளையாக நடந்துகாட்ட முயல்கிறது. படம் முழுவதிலும் குழந்தை வேடம் போடும் இடம் இது ஒன்றே. வழக்கமான வேட நகைச்சுவையை இக்காட்சி தலைகீழாக்குகிறது: உடைக்குள் ஒளிந்திருக்கும் ஆணைக் கண்டு சிரித்துப் பழகிய பார்வையாளர், ஆண்மை என்னும் வேடத்திற்குள் திணறும் குழந்தையைக் காண்கின்றனர்.

நகை நின்ற இடம்

பள்ளி நாடகத்தில் 'ஸ்நோ ஒயிட்' கதை நடிக்கப்படுகிறது. நாயகியாக நடிக்கும் சிறுமியைக் கழிவறையில் பூட்டிவிட்டு, அவள் இடத்தில் குழந்தை படுத்துக்கொள்கிறது; இளவரசனாக வரும் ஜெரோமின் முத்தத்திற்காகக் காத்திருக்கிறது. முகத்திரை விலக்கப்பட்டதும் அரங்கில் இருந்த பெற்றோரிடையே எழும் அமைதியோடு படத்தின் முதற்பகுதி நகை முடிகிறது. இங்குக் குழந்தை பிறருக்குத் தீங்கு செய்திருப்பதையும் படம் மறைக்கவில்லை. பூட்டப்பட்ட சிறுமியின் நிலை உண்மையானது. குற்றமற்ற தெய்வக் குழந்தையாக லுடோவைக் காட்டி இரக்கம் பெறும் எளிய வழியை இயக்குநர் தவிர்த்துள்ளார்.

பிற பெற்றோர் கையொப்பமிட்ட விண்ணப்பத்தின் விளைவாகக் குழந்தை பள்ளியிலிருந்து விலக்கப்படுகிறது. வீட்டின் உறைபெட்டிக்குள் குழந்தை ஒளிந்துகொள்ளும் நிகழ்வு குடும்பத்தை நடுங்கவைக்கிறது. பின்னர்ப் பெற்றோர் ஒரு முடிவுக்கு வந்து, அயலார் விருந்துக்குப் பாவாடை அணிந்து வரக் குழந்தையை அனுமதிக்கின்றனர். ஆசை நிறைவேறினால் அதன் ஈர்ப்புக் குறையும் என்பது அவர்கள் கணக்கு. விருந்தில் அனைவரும் இன்முகம் காட்டுகின்றனர். மறுநாள் பியேர் வேலையிலிருந்து நீக்கப்படுகிறார். வீட்டுச் சுவரில் இழிசொல் எழுதப்பட்டிருக்கிறது. முதல் விருந்தில் உண்மையாக எழுந்த கைதட்டலையும் இவ்விருந்தின் போலி இன்முகத்தையும் ஒருங்கே வைத்துக் காணும்போது, குடியிருப்பின் நாகரிகம் எத்தகையது என்பது தெளிவாகும்.

அழுகைக்குத் தொல்காப்பியர் கூறும் நிலைக்களன்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன. இகழப்படுதல், உரியவரை இழத்தல், பண்டை நிலை கெட்டுத் தளர்தல், பொருளின்மை என இவற்றை விரித்தால், படத்தின் பிற்பகுதி இந்நான்கினையும் பெற்றோர்மேல் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றுவதைக் காணலாம். சுவரெழுத்து இளிவு, பாட்டி எலிசபெத்துடன் வாழக் குழந்தை வீட்டைவிட்டுச் செல்வது இழவு, மேலதிகாரியின் அண்டைவீட்டுக்காரர் என்ற நிலையிலிருந்து வீழ்வது அசைவு, வேலையின்மை வறுமையின் தொடக்கம். முற்பகுதியில் நகைக்குரியவராக இருந்த பெரியவர்களே பிற்பகுதியில் அழுகைக்கும் உரியவராகின்றனர். குழந்தையைப் புரிந்துகொள்ளும் பார்வையாளர் பெற்றோரை வெறுத்துவிடாமல் தடுப்பது இந்த அமைப்பே.

தாயும் தந்தையும்

பெற்றோர் இருவரையும் ஒரே தன்மையராகப் படம் வைக்கவில்லை. தொடக்கத்தில் ஹன்னா நெகிழ்வுடையவள். குழந்தையோடு சிரிக்கத் தெரிந்தவள். பியேர் சினம் கொள்பவர். வேலை பறிபோனபின் இருவரும் இடம் மாறுகின்றனர். நேர்ந்த அனைத்துக்கும் குழந்தையே காரணம் என்று ஹன்னா வெளிப்படையாகச் சொல்கிறாள். பியேர் மெல்லத் தணிகிறார். மிஷேல் லரோக்கின் நடிப்பில் இம்மாற்றம் திடீரெனத் தோன்றாமல், நாள்தோறும் அயலாரை நேர்கொள்ளும் ஒரு பெண்ணின் களைப்பாகத் திரள்கிறது.

குழந்தையின் நீண்ட முடியை ஹன்னா ஒட்ட வெட்டும் காட்சியே படத்தின் கொடிய காட்சி. அங்கு அடியும் இல்லை, கூச்சலும் இல்லை. முடி வெட்டுதல் எந்தத் தாயும் எந்த நாளும் செய்யக்கூடிய பராமரிப்புச் செயல். அதே செயல், அதே கைகளால், தண்டனையாகிறது. ஜார்ஜ் து ஃப்ரேனின் முகத்தில் கண்ணீர் வழிகிறது. மறுப்புச் சொல் ஒன்றும் எழவில்லை. வளர்ப்புக்கும் ஒடுக்குதலுக்கும் இடையே உள்ள கோடு எவ்வளவு மெல்லியது என்பதைப் படம் இதற்குமேல் விளக்கவில்லை. விளக்கத் தேவையும் இல்லை.

பெற்றோரின் மனமாற்றங்கள் ஒவ்வொன்றும் எப்போது நிகழ்கின்றன என்று வரிசைப்படுத்தினால் ஓர் ஒழுங்கு புலப்படும். அயலார் சிரித்தபோது பெற்றோர் சிரித்தனர். அயலார் விலகியபோது குழந்தையைத் திருத்த முயன்றனர். அயலார் தண்டித்தபோது தாமும் தண்டித்தனர். குழந்தை மாறவே இல்லை. முதற்காட்சியில் இருந்ததுபோலவே இருக்கிறது. மாறியவை வெளியிலிருந்து வந்த அழுத்தங்கள். ஊதியம் தருபவரே அண்டைவீட்டுக்காரராகவும் இருக்கும் கதையமைப்பு தற்செயலானதன்று. குழந்தையின் உடை எவ்வாறு தந்தையின் ஊதியத்தைத் தீண்டும் என்பதை அது சுருக்கமான வழியில் காட்டிவிடுகிறது. பெற்றோரிடம் அன்பு இல்லை என்று படம் கூறவில்லை. அன்பு இருந்தும் அது சுற்றத்தின் ஒப்புதலைக் கேட்டே செயல்பட்டது என்கிறது. இது முன்னதைவிடக் கடுமையான குற்றச்சாட்டு.

பாமின் உலகம்

குழந்தையின் கற்பனைக்குப் பாம் என்னும் தொலைக்காட்சிப் பொம்மை நங்கை வடிவம் தருகிறாள். அவள் உலகம் மின்னும் வண்ணங்களால் ஆனது. விற்பனைக்கு வைக்கப்பட்ட பெண்மையையே குழந்தை பெண்மையாகக் கொள்கிறது என்ற குறை இங்கு எழக்கூடும். அக்குறையில் நியாயமும் உண்டு. பெண்மை என்பது இளவரசி உடை, திருமணம், காத்திருந்து பெறும் முத்தம் என்ற அளவில் நின்றுவிடுகிறது. ஆயினும் குடியிருப்பின் வீடுகளும் புல்வெளிகளும் இவேஸ் காப்பின் ஒளிப்பதிவில் பொம்மை நகரம் போலவே காட்சியளிக்கின்றன. பெரியவர்களின் உலகமும் அதே கடையிலிருந்து வாங்கப்பட்டதே. தங்களுக்கு விற்கப்பட்டதை அவர்கள் இயல்பு என்கின்றனர். குழந்தைக்கு விற்கப்பட்டதை நோய் என்கின்றனர்.

இரண்டாம் விருந்தும் நிறைவும்

குடும்பம் வேறோர் ஊருக்கு, எளிய சூழலுக்குக் குடிபெயர்கிறது. அங்குக் கிறிஸ் என்னும் குழந்தையை லுடோ சந்திக்கிறது. பெண்ணாகப் பிறந்து, ஆண்பிள்ளைகளின் விளையாட்டிலும் உடையிலும் மகிழும் குழந்தை அது. மாறுவேட விருந்தில் கிறிஸ் இளவரசி உடையில் வெறுப்போடு நிற்கிறது. லுடோ போர்வீரர் உடையில் நிற்கிறது. கிறிஸ் வற்புறுத்தி உடைகளை மாற்றிக்கொள்கிறது. இளவரசி உடையில் லுடோவைக் கண்ட ஹன்னா, என்ன நிகழ்ந்தது என்று கேளாமலே குழந்தையை அடிக்கிறாள். உடனிருந்தோர் தடுக்கின்றனர்.

இக்காட்சி முதல் விருந்தின் மறுபதிப்பு. ஆனால் இம்முறை அயலார் எவரும் முகம் சுளிக்கவில்லை. மாறுவேட விருந்தில் அந்த உடை குற்றமும் இல்லை. பழைய குடியிருப்பின் கண்களை ஹன்னா தன்னுடனேயே கொண்டுவந்திருக்கிறாள் என்பதைத் தடுக்க வந்தோரின் திகைப்பு உணர்த்துகிறது. அயலார் இல்லாத இடத்திலும் அயலார் பார்வை தாயின் கையை ஓங்கச் செய்கிறது. ஓடிப்போன குழந்தையைத் தேடிச் செல்லும் ஹன்னா, பாமின் விளம்பரப் பலகைக்குள் குழந்தை நடந்து செல்வதைக் காண்கிறாள். தானும் நுழைய முயன்று வீழ்கிறாள். அதுவரை குழந்தைக்கு மட்டுமே உரியதாயிருந்த கற்பனை முதன்முறையாகத் தாய்க்கும் தெரிகிறது. கண் விழிக்கும்போது பெற்றோர் இருவரும், எது நேர்ந்தாலும் நீ எங்கள் பிள்ளையே என்று குழந்தைக்கு உறுதி கூறுகின்றனர்.

இந்நிறைவு நெஞ்சைத் தொடுவது. எனினும் திறனாய்வு இங்கு நிறைவடைந்துவிட முடியாது. பழைய குடியிருப்பு மாறவில்லை. குடும்பமே அதைவிட்டு வெளியேறியது. பியேருக்கு வேறு வேலை கிடைக்காதிருந்தால், தடுக்க வந்த புதிய அயலார் தடுக்காதிருந்தால், இந்த ஏற்பு நிகழ்ந்திருக்குமா என்பதற்குப் படத்தில் விடையில்லை. பெற்றோர் அயலாரிடமிருந்து விடுபட்டனரா, நல்ல அயலார் வாய்த்ததால் நல்ல பெற்றோராயினரா என்ற ஐயம் எஞ்சுகிறது. கடைசிக் கட்டத்தில் கற்பனையின் உதவியை நாடியிருப்பது, இந்த ஐயத்தை நடப்பியல் வழியில் தீர்க்க இயலாது என்பதைத் திரைக்கதையே உணர்ந்திருப்பதன் அடையாளம் எனக் கொள்ளலாம்.

முடிவுரை

பாலின வரையறைக்குள் அடங்காத குழந்தையைப் பற்றிய நகைச்சுவைப் படம் குழந்தையைக் காக்க வேண்டுமெனில் சிரிப்பைக் கைவிட வேண்டியதில்லை. சிரிப்பு நுழையும் வாயிலைத் தேர்ந்துகொள்ள வேண்டும். பெர்லினரின் படம் இளமையால் எழும் நகையைக் குழந்தைக்கு விட்டுவைத்து, பேதைமையையும் மடனையும் பெரியவர்களிடம் கொண்டுசேர்க்கிறது. எள்ளலைக் குழந்தையின் பக்கம் பார்வையாளர் திருப்பிவிடாமல் காக்கிறது. நகை தீர்ந்த இடத்தில் அழுகையைப் பெற்றோருக்கும் பகிர்ந்தளிப்பதால் அவர்கள் தீயோராக உறைந்துவிடாமல் திருந்தக்கூடியவர்களாக எஞ்சுகின்றனர்.

முதல் விருந்தில் தந்தை சொன்ன 'வேடிக்கை' என்னும் சொல் குழந்தையைக் காப்பாற்றியது போலத் தோன்றினாலும், உண்மையில் அது குழந்தை சொல்ல வந்ததைக் கேட்காமல் விடுவதற்கான வழியாகவே இருந்தது. நிறைவில் பெற்றோர் குழந்தைக்கு எந்தப் பெயரும் சூட்டுவதில்லை. ஆண் என்றும் பெண் என்றும் வேடிக்கை என்றும் நோய் என்றும் சொல்வதில்லை. பிள்ளை என்று மட்டுமே சொல்கின்றனர். முதற்காட்சியிலேயே அவர்களிடம் இருந்த சொல்தான் அது. அச்சொல்லை அயலாரின் அனுமதியின்றிச் சொல்ல அவர்களுக்கு ஒரு வேலையும் ஒரு வீடும் ஓர் ஊரும் விலையாகின என்பதே படம் விட்டுச்செல்லும் கணக்கு.